மூன்று பாடம், ஒரே பட்டம்

"டாக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொன்னால், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. "இன்ஜினீயரிங்" என்றால், எந்தக் காலேஜ் என்று மட்டும் கேட்பார்கள். "பி.காம்." என்றால் தலையை ஆட்டிவிட்டு, அடுத்தபடி மாப்பிள்ளை விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் உங்கள் பெண் ஒரு நாள் சாயங்காலம், "அம்மா! நான் கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் அரசியல், கொஞ்சம் தத்துவம், எல்லாம் சேர்ந்த ஒரே பட்டம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னாளானால் என்ன ஆகும்? வீட்டில் ஒரு நிமிஷம் நிசப்தம். அப்பா கையிலிருந்த பேப்பரைக் கீழே வைப்பார். பாட்டி, "அப்படியென்றால் என்ன, வாத்தியார் வேலையா?" என்பாள். அத்தை சும்மா இருப்பாளா? "எதிலும் உருப்படியாக மார்க்கு வாங்காதவர்களுக்கு அப்படி ஒரு படிப்பு வைத்திருக்கிறார்களாக்கும்!" என்று ஒரு போடு போடுவாள்.

இந்த வாரம் அந்த அத்தைக்குப் பதில் சொல்லலாம் என்று உத்தேசம். அத்தைக்கு மட்டும் அல்ல, "பெண் ஆசைப்படுகிறாள். அது என்ன படிப்பு என்றே எனக்கு விளங்கவில்லையே!" என்று உள்ளுக்குள் கவலைப்படும் தாய்மார்களுக்கும்தான்.

இதற்காக நாம் கொஞ்சம் கடல் கடந்து போக வேண்டும். இந்த மாதிரிப் படிப்புகளுக்கெல்லாம் மூத்த அக்காள் என்று சொல்லக் கூடியது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இருக்கிறது. அதன் பெயர் பி.பி.இ. பிலாசபி, பாலிடிக்ஸ், எகனாமிக்ஸ் என்ற மூன்றின் முதலெழுத்துக்கள். தத்துவம், அரசியல், பொருளாதாரம் என்று தமிழில் சொல்லலாம். மூன்று வருஷப் படிப்பு.

அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பு என்றால், கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடிப்பதுதான். 'கிரேட்ஸ்' என்று அதற்குப் பெயர். முதல் உலக யுத்தம் முடிந்தது. பழைய உலகம் உடைந்து போயிற்று. விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், தொழிலாளர் கிளர்ச்சி என்று புதிய தலைவலிகள் வந்தன. கிரேக்கமும் லத்தீனும் மட்டும் இவற்றுக்கு மருந்தாகுமா? ஆகவே 1920-ல் புதிய படிப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். 'மாடர்ன் கிரேட்ஸ்' என்று அதை அழைத்தார்கள். அதுதான் பி.பி.இ.

அதே 1920-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஆக்ஸ்போர்டில் இன்னொரு காரியமும் நடந்தது. அதுவரை பெண்கள் அங்கே நாற்பது வருஷமாகப் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள், ஆனால் பட்டம் மட்டும் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி வந்தார்கள். அந்த அக்டோபரில்தான், "சரி, பெண்களுக்கும் பட்டம் உண்டு" என்ற சட்டம் அமலுக்கு வந்தது. கொடுத்த கையோடு, 1927-ல், பெண்கள் இத்தனை பேருக்கு மேல் சேரக் கூடாது என்று ஓர் உச்சவரம்பும் கட்டினார்கள்! அது போய்ச் சேர 1957-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, இந்தப் படிப்பும் அங்கே பெண்களின் பட்டமும் ஒரே வயசு.

* * *

சரி, மூன்று பாடத்தை ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும்? ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதாதா?

இதற்கு ஆக்ஸ்போர்டு உதாரணம் வேண்டாம். நம் சமையலறையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். வெங்காயம்!

வெங்காய விலை ஏறிவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். பொருளாதாரம் படித்தவள் என்ன கேட்பாள்? மழையில் பயிர் அழிந்ததா, பதுக்கினார்களா, வெளிநாட்டுக்கு எவ்வளவு போகிறது, விலை ஏறினால் அடுத்த பருவத்தில் எத்தனை பேர் வெங்காயம் போடுவார்கள் என்றெல்லாம் கேட்பாள். அரசியல் படித்தவளுக்கு வேறு கேள்வி. 1998-ல் டில்லி சட்டசபைத் தேர்தலில் ஆளும் கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். அதை எந்த மந்திரி மறப்பார்? 2023 டிசம்பரில், தேர்தல் வருஷம் வருவதற்குச் சற்று முன்பு, மத்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் தடையை நீக்கியது. யார் முடிவு செய்தார்கள், யாருக்குப் பயந்து முடிவு செய்தார்கள் என்று இவள் பார்ப்பாள்.

தத்துவம் படித்தவளோ ஒரு மூலையில் உட்கார்ந்து யோசிக்கிறாள். தடை போட்டதால் பட்டணத்தில் உங்களுக்கும் எனக்கும் வெங்காயம் மலிவாயிற்று. நல்லதுதான். நாசிக் பக்கத்தில் வெங்காயம் பயிரிட்டவனுக்கு வர வேண்டிய நல்ல விலை வராமல் போயிற்று. நம்முடைய லாபத்துக்காக அவனுடைய நஷ்டத்தை நாம் ஏற்றுக் கொள்ளலாமா? நாம் பலர், அவர்கள் சிலர் என்பது ஒரு நியாயமா?

மூன்று பேரும் தனித் தனியாகப் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஒரே பெண் மூன்று கேள்வியையும் தானே கேட்கப் பழகினால் எப்படியிருக்கும்? அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு கொடுக்கப் பார்க்கிறது.

* * *

கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. படிக்கிறவர்கள் படும் பாடு என்ன? அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

அங்கே ஒரு டெர்ம் என்பது எட்டே வாரம். வருஷத்துக்கு மூன்று டெர்ம்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. எட்டு வாரந்தானே, மீதியெல்லாம் லீவுதானே என்று நினைக்க வேண்டாம். அந்த எட்டு வாரமும் பெண் ஓட்டமாய் ஓட வேண்டும். வாரம் ஒரு கட்டுரை. பல வாரங்களில் இரண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களும் கட்டுரைகளும் கொண்ட ஜாபிதா ஒன்று கைக்கு வரும். எல்லாவற்றையும் படித்து முடிக்க முடியாது. எதைப் படிப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே முதல் பாடம்.

கட்டுரையைக் கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட முடியுமா? முடியாது. அங்கே 'ட்யுட்டோரியல்' என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் டுடோரியல் என்றால், பரீட்சையில் கோட்டை விட்டவர்களை மறுபடி தேற வைக்கும் இடம். ஆக்ஸ்போர்டில் அப்படியல்ல. ஓர் ஆசிரியர், அவருக்கு எதிரே இரண்டு அல்லது மூன்று மாணவர்கள். சில சமயம் ஒரே ஒருத்தி! ஒரு மணி நேரம். "இதை ஏன் இப்படி எழுதினாய்? இதற்கு மாறாக ஒருவர் சொன்னால் உன் பதில் என்ன? இந்த வார்த்தைக்கு நீ என்ன அர்த்தம் வைத்திருக்கிறாய்?" என்று கேள்வி மேல் கேள்வியாக வரும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து கொள்ளலாம். இங்கே எங்கே போய்க் குனிவது?

நம் நாட்டிலிருந்து போகும் பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. சின்ன வயசிலிருந்து நாம் என்ன சொல்லி வளர்த்திருக்கிறோம்? "டீச்சர் சொன்னால் சரியாயிருக்கும். நோட்ஸை அப்படியே எழுது. எதிர்த்துப் பேசாதே." அப்படி வளர்ந்தவளிடம் ஆசிரியரே, "நான் சொன்னது சரியில்லை என்று நிரூபி, பார்க்கலாம்" என்றால் தொண்டை அடைத்துப் போகாதா? மரியாதையாகப் பேசிக் கொண்டே மாறுபட்டுப் பேசலாம் என்பது அங்கே போய்ப் புதிதாகக் கற்க வேண்டிய வித்தை.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. "எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் ஆர்ட்ஸ் பக்கம் வந்தேன்" என்று வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே முழிப்பார்கள். பொருளாதாரத்தில் கால்குலஸ் வருகிறது. தத்துவத்திலோ, தர்க்க சாஸ்திரம் என்ற பெயரில் அல்ஜீப்ராவைப் போலக் குறிகளும் சூத்திரங்களும் வருகின்றன. மூன்று பாடத்தில் இரண்டில் கணக்கு ஒளிந்திருக்கிறது! அத்தை சொன்னது போல், மார்க்கு வாங்காதவர்கள் போய் ஒதுங்குகிற இடம் அல்ல இது.

புத்தகம் வேண்டுமானால் பாட்லியன் என்ற பிரசித்தி பெற்ற நூல் நிலையம் இருக்கிறது. அங்கே அங்கத்தினராகும்போது, உள்ளே நெருப்புக் கொண்டு வர மாட்டேன் என்று பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். பிரதான நூல் நிலையத்திலிருந்து புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1645-ல் சார்லஸ் மன்னரே ஒரு புத்தகம் இரவல் கேட்டார். "மன்னிக்க வேண்டும், விதி இடம் கொடுக்கவில்லை" என்று ராஜாவையே திருப்பி அனுப்பினவர்கள் அவர்கள்!

ஐந்தாவது வாரம் வந்ததும் மாணவர்களுக்கு ஒரு சோர்வு பிடிக்கும். அதற்கென்று 'ஐந்தாம் வார வாட்டம்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பாதி ஓடியாயிற்று, மீதிப் பாதி முன்னே நிற்கிறது. வெளியே சீக்கிரமே இருட்டிவிடும் மாரிக்காலம். அறையில் தனியாக விளக்கடியில், நடுநிசியில், "எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும் புரியவில்லை" என்று தோன்றும். அடுத்த அறையில் இருப்பவளுக்கும் அதேதான் தோன்றிக் கொண்டிருக்கும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிய வரும்.

முதல் வருஷம் மூன்று பாடத்தையும் படித்தாக வேண்டும். அதன் முடிவில் ஒரு பரீட்சை. பிறகு, மூன்றையும் வைத்துக் கொள்வதா, ஒன்றை விட்டுவிட்டு இரண்டோடு போவதா என்று அவளே முடிவு செய்யலாம். தத்துவம் படிக்க ஆசைப்பட்டு வந்தவள் பொருளாதாரத்தில் மனசைப் பறிகொடுப்பதும் உண்டு, மறுதலையும் உண்டு. மூன்றாம் வருஷக் கடைசியில் பெரிய பரீட்சை. அதற்குக் கறுப்பு அங்கி அணிந்து போக வேண்டும். மார்பில் ஒரு கார்னேஷன் பூவும் குத்திக் கொள்வார்கள். முதல் பரீட்சைக்கு வெள்ளைப் பூ, நடுவிலே வருபவைக்கு இளஞ்சிவப்பு, கடைசிப் பரீட்சைக்குச் சிவப்பு. சிவப்புப் பூவோடு ஒரு பெண் தெருவில் வந்தால், "அப்பாடா, பிழைத்தாள்!" என்று அர்த்தம்.

* * *

இப்படிப் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? நாலு பெண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாலு பேரும் பி.பி.இ. படித்தவர்கள்.

முதலாவது, பார்பரா காஸில் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. ஆக்ஸ்போர்டுக்குப் பிரெஞ்சு படிக்கப் போனார், பிடிக்கவில்லை, பி.பி.இ.-க்கு மாறினார். கடைசியில் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. அதே படிப்பில் பிரமாதமாக முதல் வகுப்பு வாங்கினவர் ஹரால்டு வில்ஸன். பிற்காலத்தில் வில்ஸன் பிரதம மந்திரியானார். மூன்றாம் வகுப்பு அம்மாள் அவருடைய மந்திரி சபையில் மந்திரியானார்!

1968-ல் டாகன்ஹாம் என்னும் இடத்தில், போர்டு மோட்டார் தொழிற்சாலையில், கார் ஸீட்டுகளுக்கு உறை தைக்கும் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆண்களுக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலியா என்பது அவர்கள் கேள்வி. தொழில் மந்திரியாயிருந்த பார்பரா காஸில் அவர்களை அழைத்து, டீ கொடுத்துப் பேசினார். 1970-ல் சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டத்தைக் கொண்டு வந்தார்.

அதைவிட நம் வாசகிகளுக்குப் பிடிக்கக் கூடிய விஷயம் இன்னொன்று. குழந்தைகளுக்காகச் சர்க்கார் கொடுத்து வந்த சலுகையில் ஒரு பெரிய பகுதி, தகப்பனாரின் வருமான வரியில் கழிவாகப் போய்ச் சேர்ந்து கொண்டிருந்தது. அவர் சம்பளக் கவரில் அது இருக்கும்; வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். பார்பரா காஸில் 1975-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார். அந்தக் கழிவை எடுத்துவிட்டு, குழந்தைக்கான பணம் நேரே தாயின் கையில் போய்ச் சேர வேண்டும் என்றார். ஆண்களின் சம்பளத்தில் துண்டு விழுமே என்று சக மந்திரிகளே கை பிசைந்தார்கள். அடுத்த வருஷம் அந்த அம்மாள் மந்திரி பதவியை இழந்தார். ஆனால் திட்டம் சாகவில்லை. 1977-ல் அமலுக்கு வந்தது.

யோசித்துப் பாருங்கள். கணக்குப் புஸ்தகத்தில் பார்த்தால், பணம் ஒரே வீட்டுக்குத்தான் போகிறது. யார் கையில் போகிறது என்று கேட்டால்தான், அது வேறு விஷயமாகிறது. நம் தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ந் தேதி குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். உதவிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் என்ன? பொருளாதாரத்தில் ஒன்றும் இல்லை. இரண்டும் ஆயிரம் ரூபாய்தான். தத்துவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, ஆங் ஸான் ஸூ கீ. பர்மாவின் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவரின் மகள். தாயார் இந்தியாவில் தூதராயிருந்தபோது டில்லியில் படித்தார். 1964-ல் ஆக்ஸ்போர்டு போய்ப் பி.பி.இ.-யில் சேர்ந்தார். அவருக்கு அந்தப் படிப்பு ஒத்துக் கொள்ளவில்லை. காடு வளர்ப்புப் படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். ஆங்கில இலக்கியத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. வேண்டா வெறுப்பாய் முடித்து 1967-ல் மூன்றாம் வகுப்பில் தேறினார். 1991-ல் நோபல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. பிறகு அவருடைய நாட்டில் ரோஹிங்கியா மக்கள் பட்ட துன்பத்தின்போது அவர் பேசாமல் இருந்ததற்காக உலகமே குறை கூறியது. 2021-ல் ராணுவம் மறுபடி அவரைக் கைது செய்தது. பெரிய பட்டமோ பெரிய பரிசோ ஒருவர் கடைசி வரை எப்படி நடந்து கொள்வார் என்பதற்கு ஜாமீன் ஆகாது. ஆனால் நான் அவரைப் பற்றி இங்கே சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. பிடிக்காத படிப்பில் ஒரு பெண்ணை மூன்று வருஷம் உட்கார வைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அவர் சாட்சி. இது பி.பி.இ.-க்கும் பொருந்தும், மெடிக்கல் காலேஜுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பெனாஸிர் பூட்டோ. அமெரிக்காவில் ஹார்வர்டில் ஒரு பட்டம் வாங்கிக் கொண்டு, 1973-ல் ஆக்ஸ்போர்டின் லேடி மார்கரெட் ஹால் என்ற கல்லூரியில் சேர்ந்தார். பாடத்தோடு விவாத மேடையும் ஏறினார். ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற அந்தப் பிரசித்தமான விவாத சங்கத்தில் 1963 வரையில் பெண்கள் முழு அங்கத்தினராகவே முடியாது. 1977-ல் பெனாஸிர் அதன் தலைவரானார். அந்த வருஷமே ஊர் திரும்பினார். திரும்பின சில நாட்களுக்குள் ராணுவம் அவருடைய தகப்பனாரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1979-ல் தூக்கில் போட்டது. ட்யுட்டோரியல் அறையில் ஓர் ஆசிரியருக்கு முன்னால் கற்ற எதிர்வாதத்தை, அந்தப் பெண் ஒரு ராணுவத்துக்கு முன்னால் செய்ய வேண்டி வந்தது. 1988-ல் பிரதம மந்திரியானார். 2007-ல் அவரைக் கொன்றார்கள்.

நாலாவது உங்களுக்கெல்லாம் தெரிந்த பெண். மலாலா யூஸுப்ஸாய். பள்ளிக்கூடம் போனதற்காக 2012-ல் தலையில் குண்டடி பட்டவள். பதினேழு வயசில், 2014-ல், நோபல் பரிசு பெற்றவள். 2017-ல், பெனாஸிர் படித்த அதே கல்லூரியில் அதே படிப்பில் சேர்ந்தாள். நோபல் பரிசு வாங்கின பெண்ணுக்கும் வாரக் கட்டுரை வாரக் கட்டுரைதான்! பரிசைக் காட்டி ஒரு நாள் தவணை வாங்க முடியுமா? அந்த நாட்களில் தான் பட்ட மன வேதனையையும், பழைய பயங்கரம் திரும்பத் திரும்ப நினைவில் வந்து உடம்பு நடுங்கியதையும், அதற்காகச் சிகிச்சை பெற்றதையும் 2025-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள். 2020-ல் பரீட்சை வந்தபோது கோவிட் வந்துவிட்டது. அங்கி இல்லை, சிவப்புப் பூ இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். முடித்த கையோடு, தலையெல்லாம் கேக்கும் வண்ணக் காகிதமுமாக அவள் சிரித்துக் கொண்டிருக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. நம் ஊர்ப் பெண் ஹோலியில் மாட்டிக் கொண்டது போல இருந்தது. ஒரு பெண் பரீட்சை முடித்த சந்தோஷம்! அதற்குமேல் என்ன வேண்டும்?

* * *

குறையே இல்லாத படிப்பா? இருக்கிறது. இங்கிலாந்திலேயே பலர் இதைத் திட்டுகிறார்கள். வில்ஸன், ஹீத், காமெரன், லிஸ் டிரஸ், ரிஷி ஸுனக் என்று ஐந்து பிரதம மந்திரிகள் இந்த ஒரே படிப்பிலிருந்து வந்தவர்கள். "ஒரு வாரம் மேலோட்டமாகப் படிப்பது, ஓர் இரவில் எழுதுவது, ஒரு மணி நேரம் அடித்துப் பேசுவது, இதுதானே இவர்கள் கற்ற வித்தை? நாட்டையும் அப்படியே ஆளுகிறார்கள்!" என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. லிஸ் டிரஸ் அம்மையார் பொருளாதாரமும் சேர்த்துத்தான் படித்தார். 2022 செப்டம்பரில், பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாமலே பெரிய வரிக் குறைப்பை அறிவித்தார். பவுன் நாணயத்தின் மதிப்பு சரிந்தது. 49 நாளில் பதவி போயிற்று. நாலு விஷயத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கு நாலும் தெரியும் என்ற கர்வம் வந்துவிட்டால் ஆபத்துத்தான்.

ஆகையால், இந்த மாதிரிப் படிப்பில் சேருகிறவள் ஏதாவது ஒன்றிலாவது ஆழமாக இறங்க வேண்டும். முதல் வருஷம் அகலம், அதற்குப் பிறகு ஆழம் என்று அந்தப் படிப்பையே அப்படி அமைத்திருப்பதும் அதனால்தான்.

ஆக்ஸ்போர்டுக்கு எல்லோரும் போக முடியுமா? வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்குப் பல லட்சம் ரூபாய். உபகாரச் சம்பளம் கிடைத்தாலொழிய நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனி. ஆனால் இதே வகைப் படிப்புகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே, 2006-ல், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருஷ எம்.ஏ. படிப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். வளர்ச்சி இயல், ஆங்கிலம் என்று பிரிவதற்கு முன்னால் எல்லோரும் பல பாடங்களைச் சேர்ந்து படித்தார்கள். 2023-ல் அதை மாற்றி, பட்டதாரிகளுக்கான இரண்டு வருஷப் படிப்பாக்கிவிட்டார்கள். டில்லிக்கு அருகே ஸோனிபட்டில் உள்ள அசோகா சர்வகலாசாலையில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த பட்டமே உண்டு. இவை அடிக்கடி மாறுவதால், சேருவதற்கு முன் அந்தந்த வருஷத்து விவரத்தை நேரில் விசாரிப்பதே உசிதம்.

விசாரிக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். ஒரு டெர்முக்கு எத்தனை கட்டுரை எழுத வேண்டும், அதை யார் திருத்துகிறார்கள்? கணக்கும் புள்ளி விவரமும் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா? இரண்டாம் வருஷத்துக்கு மேல் ஒரு பாடத்தில் ஆழமாகப் போக வழி இருக்கிறதா? போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குக் காலேஜ் புஸ்தகத்திலுள்ள படத்தை நம்பாமல், முடித்த பெண்கள் இரண்டு பேரிடமே கேட்டுவிடுங்கள்.

வேலை? முதல் நாளே போர்டு எழுதி வாசலில் மாட்டக் கூடிய வேலை இல்லை என்பது வாஸ்தவம். பெரும்பாலோர் இதற்குமேல் இன்னொரு படிப்போ பயிற்சியோ பெற வேண்டியிருக்கும். சட்டம், பத்திரிகை, பாங்கு, ஆராய்ச்சி, சமூக சேவை ஸ்தாபனங்கள் என்று பல கதவுகள் உண்டு. ஐ.ஏ.எஸ். பரீட்சையில் அரசியல் அமைப்பும் பொருளாதாரமும் எப்போதும் உண்டு. 2013 முதல் நன்னெறி என்று தனித் தாள் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அரசியல், பொருளாதாரம், தத்துவம்! ஆனால் வீட்டு நிலைமை, பட்டம் வாங்கின மாதமே சம்பளம் வந்தாக வேண்டும் என்று இருந்தால், அதைப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளும் அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பதற்குத்தானே இந்தப் படிப்பு?

கடைசியாக, தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் படிப்பில் சேர்ந்த பெண் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது பெட்டியோடு கேள்விகளையும் கொண்டு வருவாள். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிச் சட்டியில் இருப்பதைப் போட்டுக் கொண்டு நீங்கள் உட்காரும்போது, எதிரில் வந்து உட்காருவாள். "ஏன் அம்மா, தினமும் நீ மட்டும் கடைசியில் சாப்பிடுகிறாய்? இதை யார் முடிவு செய்தார்கள்? இது நியாயந்தானா?" என்று கேட்பாள். "போடி, பெரிய ஆராய்ச்சி!" என்று சிரித்து மழுப்புவது ஒரு தடவைக்குத்தான் செல்லும். அடுத்த லீவுக்குள் நல்ல பதிலாக ஒன்று யோசித்து வையுங்கள்.